பெட்டிக்குள் ஒரு சந்தனப் பொட்டு

தினேஸ்வரியின் வீட்டில் அவள் கணவன் ரூபன் எதை வேண்டுமானாலும் தொடலாம், தண்ணீருக்குள் கேமராவைக் கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டியை மட்டும் தொடக் கூடாது. அதன் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். வளையத்தில் தூசி ஒட்டினாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும், கேமரா அதோடு சரி. அதனால் வளையத்தைக் கழற்றித் துடைத்து, விரல் நுனியால் கிரீஸ் தடவி, வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ ஒன்றை வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பார்ப்பாள். டிஷ்யூ நனையாமல் இருந்தால்தான் கேமராவை உள்ளே வைத்து மூடுவாள். மூடிய பிறகு யாராவது பக்கத்தில் தும்மினாலும் முறைப்பாள்.

ஈப்போவில் நீருக்கடியில் கல்யாணப் படம் எடுக்க என்னை விட்டால் ஆளில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அன்றைக்குத்தான் முதல் தடவை. அவளிடம் இருந்ததும் ஒரே கேமரா. சிம்பாங் பூலாய்ப் பக்கம், பழைய தோட்டத்து மானேஜர் பங்களா இப்போது ஹோம்ஸ்டே. அதன் நீச்சல் குளத்தில் கல்யாணப் பெண் துளசி பட்டுச்சேலையோடு காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எறங்கலாமா?"

"சியாப், ரெடி, இதோ!" என்று பெட்டியைத் தூக்கிய தினேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள்ளே, கேமராவின் நெற்றியில், சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு.

முந்தின நாள் ஆயுத பூசை. பெட்டிக்கு வெளியே பொட்டு வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். இது உள்ளே இருந்தது.

"ஏங்க! பெட்டியத் தொறந்தீங்களா?"

உதவிக்குக் கூட வந்திருந்த ரூபன் தென்னை மரத்தைப் பார்த்தான். "போன வருசம் காடிக்கு வெளிய மட்டும் பொட்டு வச்சேன் லா. மறு வாரமே எஞ்சின் போச்சு. அதான் இந்தத் தடவ உள்ளுக்கும்..."

"அலாமாக்!"

மூடியைத் திறந்தாள். வளையத்தில் பொடிப் பொடியாகக் குங்குமம். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. துளசியும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் பக்கத்தில் இருப்பதை மறந்து, ரூபனை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"என் மானம் போயிருக்கும்! ஒரு தூசி தங்க விடாம தொடச்சு மூடி வச்சேன், தெரியுமா?"

"தூசி இல்ல தினேஸ்," என்றான் ரூபன் மெதுவாக. "முடி இருந்துச்சு."

"என்ன முடி?"

"ஒன்னோடதுதான். நீளமா. வளையத்து மேல படுத்துக் கெடந்துச்சு. எடுத்துப் போட்டுட்டுத்தான் மூடுனேன். சொன்னா தொறந்தது தெரிஞ்சிடும்ல, அதான் சொல்லல."

தினேஸ்வரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பூசை நாள் காலையில் டிஷ்யூ சோதனை முடிந்து கேமராவை வைத்து மூடியபோது, அவள் தலைக்குக் குளித்து ஈரம் காயக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. துளசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் அரை மணி நேரம் ஆகும்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, தினேஸ்வரி கூந்தலை அள்ளி முடிந்தாள். வளையத்தைக் கழற்றினாள், துடைத்தாள், கிரீஸ் தடவினாள். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, அதை ரூபனிடம் நீட்டினாள்.

"வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாருங்க. நான் பாத்தது பத்தாது."