காலுக்குப் பின்னால் ஒரு கை

"பின்னாடி எட்டிப் பாக்காதீங்கக்கா," என்றார் லாயத்தில் வேலை பார்க்கும் ஜெயசீலன். "வாங்கிச்சுன்னா, வாங்கிச்சுன்னு விட்டுடுங்க."

"யாரு வாங்கினது?"

"அதைத்தான் பாக்காதீங்கன்றேன்."

வைஜயந்தி குதிரையின் முன்னங்காலருகே குந்தியிருந்தாள். காலைச் சுற்றிப் பஞ்சு மெத்தை; அதன்மேல் நீளத் துணிச் சுருள். லாயத்தில் அதைப் பட்டி என்பார்கள். வலது கை முன்பக்கமாகப் பட்டியைக் கொண்டுபோக வேண்டும், காலுக்குப் பின்னால் இடது கை வாங்கிக்கொள்ள வேண்டும், மறுபடி முன்னால். கை மாறுகிற அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே இழுத்துவிட்டால் நரம்பு நசுங்கும், விட்டுவிட்டால் கட்டு சரியும்.

இப்போது அவளுடைய இடது கை பின்னால் போகவே இல்லை. குதிரை நடுங்குகிறதே என்று அதன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. வலது கை பட்டியைப் பின்னால் கொண்டுபோனது பழக்க தோஷம். பட்டி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு தானாக முன்னால் வந்து அவள் விரலில் இடித்தது. அந்த ஒரு சுற்று, அவள் போட்ட சுற்றுகளைவிட வழவழப்பாக, ஒரு சுருக்கமில்லாமல் படிந்திருந்தது.

"பயப்படாதீங்க. வாங்கிச்சுன்னா நல்லதுதான். கால் நின்னுடும்."

"எத்தனை நாளா இப்படி?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குன்றாங்க. இந்த மூலைக் கொட்டில்ல மட்டும்தான். பிழைக்கிற காலுன்னா வாங்கும். இல்லேன்னா வாங்காது, அவ்ளோதான். இங்க வேலை பாத்த ஒருத்தன் முகத்தைப் பின்னாடி நீட்டிப் பாத்துட்டான். அப்புறம் அவன் குதிரைக்கு அது வாங்கவே இல்ல."

"அந்தக் குதிரை?"

ஜெயசீலன் குதிரையின் கயிற்றை மாற்றிப் பிடித்தார். "போதும், கட்டி முடிங்கக்கா. மழை வருது."

நகரத்தின் ஓரத்தில், போபோடிப் பேட்டையின் சந்துகள் முடிந்து ஆற்றங்கரை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த லாயம். தகரக் கூரை, எதிரே சேறாகிப் போன சவாரி மைதானம். அந்தச் சேற்றில்தான் சாந்தினி வழுக்கி விழுந்தாள். வெள்ளைக் குதிரை, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவள். வைஜயந்தியின் மகள் ஸ்நேஹா அடம்பிடித்து வாங்கவைத்தவள். காலின் பின்நரம்பு பாதி கிழிந்திருந்தது. ஸ்நேஹா சென்னையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க, அடிபட்ட பிறகு ஆண்கள் யார் காலருகே வந்தாலும் சாந்தினி கடிக்கப் போனாள். அதனால் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற வைஜயந்தி, குதிரையென்றால் நான்கடி தள்ளி நிற்கிறவள், பட்டி கட்டக் கற்றுக்கொண்டாள். லாயத்துக்காரர் பாஸ்கர் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை டாக்டர் வந்து பார்ப்பார். நான்காவது காலை ஊன்றி நின்றால் சரி. இல்லாவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது.

அடுத்தடுத்த நாட்களில் வைஜயந்திக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை, சிலிர்த்தபடியே கட்டக் கற்றுக்கொண்டாள். கண்ணைக் கூரையில் வைத்துக்கொள்வாள். பட்டி பின்னால் போகும். ஒரு கணம் எதுவும் இருக்காது. பிறகு எதிர்ப்பக்கம் யாரோ குந்தியிருப்பதுபோல வைக்கோல் அழுந்துகிற சத்தம். சுருள் அவள் விரல்களிலிருந்து நழுவாது, எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கணத்தில் சாந்தினியின் காது இரண்டும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

வீக்கம் வற்றியது. வியாழக்கிழமை சாந்தினி குளம்பின் நுனியைத் தரையில் வைத்தாள்.

அதை மகளிடம் சொல்லாமல் இருக்க எந்த அம்மாவால் முடியும்? சாயங்காலம் ஸ்நேஹா வீடியோவில் வந்தாள். வைஜயந்தி போனைத் தீனித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்ட உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆங்கிள் சரியா இல்ல. அவ ஃபேஸ் தெரியல."

"முகத்தை அப்புறம் பாரு. காலைப் பாரு முதல்ல. வெச்சிருக்காளா?"

"வெச்சிருக்கா, வெச்சிருக்கா. அம்மா, நீ என்ன ப்ரோ மாதிரி கட்டறே. என்கிட்ட சொல்லவே இல்ல."

"எல்லாம் உன்னாலதான்டி. இந்த வயசுல முட்டி மடக்கிக் குந்த வெச்சுட்டே."

"சரி சரி. ஜெயசீலன் அங்கிள் ஹெல்ப் பண்றாரா? தேங்க்ஸ் சொல்லு."

வைஜயந்தியின் கை நின்றது. ஜெயசீலன் வாசல் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போனுக்கு அவர் தெரிய வழியில்லை.

"எங்கடி இருக்காரு அவரு?"

"உனக்கு எதிர்லதான். காலுக்குப் பின்னாடி. கை மட்டும் தெரியுது." ஸ்நேஹா போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள் போலிருக்கிறது, குரல் பெரிதாகக் கேட்டது. "அம்மா, அது அவர் கை மாதிரி இல்லியே. ஏன் அவ்ளோ ஈரமா இருக்கு?"

காலுக்குப் பின்னால் பட்டி கீழே விழுந்தது. விழுந்த சுருள் பிரிந்துகொண்டே வைக்கோலில் ஓடி, சுவரில் முட்டி நின்றது.

ஜெயசீலன் எட்டி வந்து போனைக் கவிழ்த்து வைத்தார். "பாத்துட்டாங்களா?"

"அவளுக்குத் தெரியாதுப்பா. குழந்தை. நான் சொல்லவே இல்லியே அவகிட்ட."

"தெரியலேன்னு சொல்லி மனு குடுக்க இதென்ன முனிசிபாலிட்டியாக்கா?"

வெள்ளிக்கிழமை வைஜயந்தி தன் இரு கைகளாலேயே கட்டினாள். கட்டுவதற்குள் மூன்று முறை அவிழ்ந்தது. ஜெயசீலன் துணிந்து எதிர்ப்பக்கம் குந்தி, "குடுங்க, நான் வாங்கறேன்" என்றதும் சாந்தினி அவர் சட்டையைத் தோளருகே பல்லால் கிழித்தாள். கால் மறுபடி வீங்கி, தொட்டால் சுட்டது. குளம்பு தரையைவிட்டு மேலேயே நின்றது. ராத்திரி ஸ்நேஹா அழைத்தபோது வைஜயந்தி எடுக்கவில்லை. 'நல்லா இருக்கா, நீ படி' என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ரிக்ஷாவிலிருந்து இறங்கி நேராக மூலைக் கொட்டிலுக்கு வந்தாள்.

"டாக்டர் பக்கத்துக் கட்கியைத் தாண்டிட்டாராம். பாஸ்கர் சாருக்குப் போன் வந்தது," என்றார் ஜெயசீலன். "நீங்க வேணா வெளிய இருங்கக்கா. கடைசி நேரத்துல பாக்க வேணாம்."

"கயித்தைப் பிடிங்க."

"இப்ப கட்டி என்ன ஆகப் போகுது?"

"பிடிங்கன்னு சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் திரும்பிக்கொண்டார். வைஜயந்தி குந்தினாள். பழைய கட்டை அவிழ்த்து, பஞ்சைச் சரி செய்து, பட்டியை முன்னால் கொண்டுவந்தாள். சாந்தினியின் காதுகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. வைஜயந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாத்தது எம் பொண்ணு தப்பில்ல," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "போனை வெச்சது நான். அதுக்கு என்ன வேணுமோ என்கிட்ட வாங்கிக்கோ. இவ காலை மட்டும் நிக்க வெச்சுடு."

பட்டி பின்னால் போனது. ஒன்றுமில்லை. கொடுத்த கை அந்தரத்தில் நின்றது. ஜெயசீலன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வைக்கோல் அழுந்தியது.

சுருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. முன்னால் வந்தது. அவள் கொடுத்தாள், அது வாங்கியது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அவள் இதுவரை கட்டாத வேகத்தில் கட்டு ஏறியது. கடைசிச் சுற்றில் ஒட்டுப்பட்டையைத் தேடி இடது கையைப் பின்னால் நீட்டினாள். பட்டை ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. நனைந்த, குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களுக்கு நடுவே புகுந்து மடங்கியிருந்தன. வலிக்கவில்லை. பட்டியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தது, இறுக்காமல், தளர்த்தாமல்.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். செருப்புச் சேறு தட்டுகிற சத்தம். டாக்டர் கோகுல்நாத்தின் கோயமுத்தூர்க் குரல் கொட்டிலுக்குள் வந்தது.

"என்னங்க பாஸ்கர், இதுக்கா என்னை ஊசியோட வரச் சொன்னீங்க? நாலு காலும் ஊணி நிக்குதுங்களே. கட்டு யாருங்க போட்டது? ஆஸ்பத்திரிலகூட இப்படிப் போட மாட்டாங்க."

"மேடம்தான்," என்றார் பாஸ்கர்.

"அம்மா, எந்திரிங்க, ஒருக்கா அவிழ்த்துப் பாத்துடலாம்."

வைஜயந்தி கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா, நின்னுடுச்சு. பாருங்களேன்," என்று ஜெயசீலன் இந்தப் பக்கம் திரும்பினார். அவள் இடது தோள் காலுக்குப் பின்னால் இழுபட்டிருந்ததைக் கண்டார். மெல்ல இரண்டடி பின்வாங்கி, டாக்டருக்கும் கொட்டில் வாசலுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்.

"என்னாச்சுங்க? கால் மரத்துப் போச்சா?"

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்," என்றாள் வைஜயந்தி. "நீங்க யாரும் இந்தப் பக்கம் வராதீங்க. ஜெயசீலன், ஸ்நேஹா கூப்பிட்டா குதிரை நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்கக்கா. எந்திரிங்க."

"இன்னும் விடலைப்பா."