மேலிருந்து கீழ்: ஏழாவது குறிப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாரப் பத்திரிகை ஒன்றின் குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து வந்தது இந்தக் கதை. குறிப்புகள் எல்லாம் ஆடுமாடு மேய்ப்பவர்களைப் பற்றியவை. மேலிருந்து கீழ், ஏழு: ‘உரத்துக்காக வயலில் ஆடுகளை இராத்தங்க வைப்பது (2)’. விடை தெரிந்தும் சொல்லக் கூசுகிற ஓர் ஆளை நினைத்துப் பார்த்தேன். கஜபதி வந்து சேர்ந்தார்.

‘1987இல், ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு நல்ல மனிதர்…’

(அடித்துவிட்டேன். நல்லவரா என்று எனக்கே நிச்சயமில்லை.)

2

தொழிற்சாலையில் சார்ஜ்மேனான கஜபதியின் வீட்டில் ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்தார் கூடிக் குறுக்கெழுத்து நிரப்புவார்கள். வாத்தியார் பிள்ளை, அவருக்குத் தெரியாத சொல்லா என்று பேச்சு. அந்த வாத்தியார் கதை அவரே கட்டிவிட்டது. அப்பா திருநின்றவூர் ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவர்.

ஏழாவது குறிப்புக்கு எதிர்வீட்டு பக்தவத்சலம் ‘பட்டி’ என்றார். ஓர் எழுத்து மிஞ்சியது. கஜபதிக்கு விடை தொண்டைவரை வந்தது. சொன்னால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பார்களே. உதட்டைப் பிதுக்கினார்.

“அது கிடை” என்றது வாசலில் ஒரு குரல்.

அவர் தங்கை பஞ்சவர்ணம். அவள் மகள் பெரியவளாகியிருந்தாள். வியாழக்கிழமை சடங்குக்குத் தாய்மாமனை முறையாக அழைக்க, ஒயர் கூடையில் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தாள். பக்தவத்சலம் அவளை நெய்க்காரி என்று எண்ணிக்கொண்டு, நெய் இருக்கிறதா, இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பத்திரிகையைப் பார்த்தார்.

(இந்த இடத்தில் அவரைப் பேசவைக்க நாலு தரம் முயன்றேன். மனிதர் வாயே திறக்கவில்லை. எழுதுகிற எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.)

“எங்க ஊட்ல ஆடு கீது சார்” என்றாள் பக்தவத்சலத்திடம். பிறகு கஜபதி பக்கம் திரும்பி, “இன்னிக்கு நெய் இல்ல சார். நான் வரேன்” என்றாள்.

வெற்றிலை கூடையோடு போய்விட்டது.

3

முடிவு ஒன்று: கஜபதி ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடி, எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து… (பொய். அவர் நாற்காலியை விட்டே எழவில்லை.)

முடிவு இரண்டு: அழைக்காவிட்டாலும் மாலையும் பட்டுப்பாவாடையுமாகப் போய் நிற்கிறார். தங்கை மன்னிக்கிறாள். (இது அவருக்கு நான் கொடுக்கும் லஞ்சம்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை. மாமன் மாலை போட்டால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் அம்மாவின் முந்தானையை இழுத்து, “மாமாவ கூப்ட்டியாம்மா?” என்கிறாள்.

பஞ்சவர்ணத்தின் பதிலை எழுத எனக்கு முகமில்லை. குழந்தை காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.