ஓரத்தில் நின்ற மூன்று எண்கள்

சட்டத் துறையில் முப்பது ஆண்டுகளாக மசோதா எழுதிவந்த வரைவாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. தொலைவிலுள்ள ஆண்டு ஏதேனும் வரைவில் வந்தால், அவ்வாண்டில் தம் மகளுக்கு என்ன வயதாகும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். தட்டச்சுக்கு அனுப்புமுன் மறவாமல் அழித்துவிடுவார். ஏனெனில் அவ்வலுவலகத்தில் ஓரத்துப் பென்சில் எண் என்றால் திருத்தம் என்று பொருள்.

கரியமில வாயுவைக் குறைக்கும் சட்டத்தில் ஐந்தாண்டுக்கு ஒன்றாக நான்கு படிகள் இருந்தன: இருபத்தைந்து விழுக்காடு, ஐம்பது, எழுபத்தைந்து, இறுதியில் முழுவதும். இம்முறை, மகளின் வயிற்றில் வளர்ந்த பேரக்குழந்தையின் வயதை எழுதினார்: 4, 9, 14. நான்காவதை எழுதுமுன் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. எட்டாம் மாதத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. போட்டது போட்டபடி ஓடினார்.

பத்து நாள் கழித்து வந்தவரிடம் தட்டச்சு அம்மாள் பிரதியை நீட்டினார்.

“நீங்க இல்லேன்னு வேலை நிக்கலைங்க. ஓரத்துல போட்டிருந்த திருத்தத்தைச் சேர்த்து அனுப்பினேன். அமைச்சர்கள் குழு ஒரே மூச்சுல ஒத்துக்கிச்சு!”

நான்கு விழுக்காடு, ஒன்பது, பதினான்கு. அதற்கப்பால் ஐந்தே ஆண்டில் முழுவதும். பிரதியைத் தூக்கிக்கொண்டு துறைச் செயலாளரின் அறைக்கு விரைந்தார்.

செயலாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். “வாங்க! ஒரு வருஷமா கல்லுல நார் உரிச்சோம். நீங்க ஒரு பென்சில்ல முடிச்சிட்டீங்களே. யாருக்கும் வலிக்காத எண்ணு!”

“ஐயா, அது விழுக்காடு இல்லைங்க.”

“பின்னே?”

பத்து நாளாக எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அங்கே நின்று சொன்னார். “வயசுங்க. என் பேரப்புள்ளைக்கு வரவேண்டிய வயசு. புள்ளை தங்கலை.”

செயலாளர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். கண்கள் மெய்யாகவே கலங்கின. “பொண்ணு எப்படி இருக்கா?”

“சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்காளுங்க. ஐயா, பழைய எண்ணையே போட்டுடலாங்களா?”

“பதினோரு துறை கையெழுத்துப் போட்டாச்சு. இனிக் கை வெச்சா சட்டமே வராது. கடைசிப் படி முழுசாத்தானே இருக்கு?”

“பதினாலுலேருந்து நூறுக்கு யாருங்க தாவுவாங்க?”

“அப்போ நாம ரெண்டு பேருமே இங்க இருக்கமாட்டோம்” என்றார் செயலாளர், ஆறுதல் சொல்வதுபோல.

அன்று மாலை மகள் முதன்முறையாகத் தானே பேசினாள். தன் வயது எத்தனையோ சட்டங்களின் ஓரத்தில் வளர்ந்த கதையை அறிந்தவள் அவள்.

“அப்பா, அந்தப் புகைச் சட்டத்துல புள்ளையோட வயசைக் குறிச்சீங்களா?”

“குறிச்சேம்மா. நாலு, ஒன்பது, பதினாலு.”

“எப்பவும்போல அழிச்சிடாதீங்கப்பா. இந்த ஒண்ணாவது இருக்கட்டும்.”

வரைவாளர் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். நெடுநேரம் அதையே சரிசெய்துகொண்டிருந்தார்.

“இனி அழிக்க முடியாதும்மா” என்றார்.