நட்டுப் பிடிக்க ஓர் ஆள்

முத்துமாரிக்கு அன்றைக்கு உடம்பில் வலிக்காத இடம் என்று ஒன்று இல்லை. விடியற்காலையில் கரையில் மீன் ஏலம், அதற்கப்புறம் அபிராமபுரத்துத் தெருக்களில் கூடையோடு நடை. சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையையும் கேட்டுவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்மா’ என்று கதவைச் சாத்துகிற வீடுகள் வேறு. இதெல்லாம் முடிந்து மத்தியானம் சீனிவாசபுரம் கரைக்குத் திரும்பினால், புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கிற வேலை காத்துக்கொண்டிருந்தது. கூடையை இறக்கி வைத்தால் கழுத்து வலி போய்விடும். இந்த வேலையை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவள் புருஷன் முனியனுடைய ஃபைபர் போட்டில் எஞ்சின் ஆட ஆரம்பித்திருந்தது. போட்டின் பின்பக்கம் எஞ்சினைத் தாங்குகிற ஒரு கனத்த பலகை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற நாலு போல்ட்டுகளும் தளர்ந்துவிட்டன. போல்ட்டின் தலை வெளியே, நட்டு உள்ளே. உள்ளே என்றால், போட்டு கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று காற்றடைத்து மூடிய பெட்டிக்குள்ளே. போட்டைச் செய்த புண்ணியவான் அதில் கை நுழைய ஒரு வட்ட ஓட்டை மட்டும் விட்டு, மூடி போட்டிருந்தான். யாருடைய கை நுழைய என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அலை தூக்கிப் போட்டதில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கூடப் போன ஆள் கரை வரைக்கும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தானாம். இதைப் புருஷன் அவளிடம் சொல்லவில்லை. ஏலத்தில் நின்ற பெண்கள்தான் சொன்னார்கள். கார்த்திகை மாதத்துக் கடல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொரு அலை அதே மாதிரி விழுந்தால் எஞ்சின் போகும், எஞ்சினைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று முனியனும் போவான். அவனுக்கு அந்த எஞ்சின் மேல் அவ்வளவு ஆசை.

மெக்கானிக் வந்து பார்த்தார். பெட்டியை அறுத்துத்தான் ஆகவேண்டும், மறுபடி ஒட்டிக் காய ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். முனியனின் கை ஓட்டைக்குள் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பக்கத்துப் போட்டுக்காரர்கள் ஆளாளுக்கு விட்டுப் பார்த்தார்கள். கை நுழைந்தவனுக்கு நீளம் போதவில்லை, நீளம் இருந்தவனுக்குக் கை நுழையவில்லை. தோள் வரைக்கும் உள்ளே போய், கண்ணால் பார்க்காமல் தடவியே நட்டைக் கண்டுபிடிக்கிற கை அந்தக் கரையிலேயே ஒருத்தனுக்குத்தான் உண்டு. முத்துமாரியின் தம்பி டில்லிபாபு. முருங்கைக்காய் மாதிரி கை. வருஷக்கணக்காக முனியன் வெளியே நின்று போல்ட்டைத் திருப்ப, டில்லி உள்ளே கைவிட்டு நட்டைப் பிடிப்பான்.

ஆனால் போன தை மாதத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முத்துமாரியின் மகள் தீபிகாவுக்குச் சடங்கு. முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும். தாய்மாமன் டில்லி, அக்கா மகளுக்குப் பட்டுப்புடவை எடுக்கத் தி.நகர் போனவன், கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் போகிறது, போகிறது என்று பெரியவர்கள் பிடுங்கியதில், முனியன் தன் பக்கத்துச் சொந்தக்காரன் ஒருத்தனை விட்டு மாலையைப் போடச் சொல்லிவிட்டான். டில்லி வரிசைத் தட்டோடு வாசலுக்கு வந்தபோது தீபிகாவின் கழுத்தில் மாலை இருந்தது. தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவன்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர் குப்பத்தில் மாமியார் வீட்டோடு இருந்துகொண்டு வேறு போட்டில் போகிறான்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வாய் முத்துமாரிதான். “உன் தம்பிய அவன் வலைய எடுத்துக்கினு போவச் சொல்லு” என்று முனியன் சொல்வான். அவள் ஊரூர் குப்பத்துக்குப் போய், “உங்க மாமா உன்ன விசாரிச்சாருடா, இளைச்சிட்டியாமே” என்பாள். “அந்த வலை எனக்கு வேணாம்” என்று தம்பி சொன்னால், “வலை உங்கிட்டயே இருக்கட்டும்னான், பாசக்காரன்” என்று வீட்டில் வந்து சொல்வாள். பொய்யென்று அவளுக்குத் தோன்றியதில்லை. உப்பில்லாத குழம்பை யார் சாப்பிடுவார்கள், கொஞ்சம் போட்டுத்தானே கொடுக்க வேண்டும்?

இந்தத் தடவையும் அப்படித்தான். தம்பியிடம் “மாமா உன்னத்தான் கூட்டாரச் சொன்னாரு” என்றாள். புருஷனிடம் “அவனே வந்து செஞ்சித் தரேன்றான்” என்றாள். போல்ட்டு இறுக வேண்டும், சரி. ஆனால் அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது வேறொன்றுக்கு. ஒருத்தன் பிடிக்க ஒருத்தன் திருப்புகிற வேலை. வாயைத் திறக்காமல் எப்படி நடக்கும்? இன்றைக்கு இரண்டு பேரும் பேசியே ஆக வேண்டும்.

டில்லி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தான். யாரையும் பார்க்காமல் போட்டில் ஏறி, குப்புறப் படுத்து, ஸ்பேனரோடு கையை ஓட்டைக்குள் விட்டான். கன்னம் போட்டின் தரையோடு ஒட்டிக்கொண்டது. முனியன் எஞ்சினைக் கழற்றிக் கோணி மேல் கிடத்திவிட்டு, வெளியே மணலில் ஸ்பேனரோடு நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைதான். முத்துமாரி பக்கவாட்டில் நின்றாள்.

“உன் தம்பி நட்ட பிடிச்சிட்டானான்னு கேளு” என்றான் முனியன்.

கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறவனுக்குக் காது இல்லையா என்ன? முத்துமாரி பெருமூச்சு விட்டாள். “பிடிச்சிட்டியாடா?”

“பிடிச்சிக்கினுதான் கீறேன். திருப்பச் சொல்லு.”

“திருப்பச் சொல்றான்யா.”

“எந்தப் பக்கம்னு கேளு.”

“எந்தப் பக்கமா? இறுக்கறது எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா?”

“நான் உன்னக் கேக்கல. அவனக் கேளு.”

முதல் போல்ட்டு முடிவதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டாவதில் டில்லி வாஷரைக் கீழே போட்டுவிட்டான். “தேடிக்கினு கீறேன்னு சொல்லு.” “சீக்கிரம் தேடச் சொல்லு.” “அவசரம்னா அவர வந்து தேடச் சொல்லு.” இதையெல்லாம் அவள் அங்கேயும் இங்கேயும் தலையைத் திருப்பித் திருப்பி ஒப்பித்தாள். கோயில் பூசாரிகூட இவ்வளவு சொல்லமாட்டார்.

மூன்றாவது போல்ட்டில் உள்ளேயிருந்து டில்லி, “நிறுத்தச் சொல்லு!” என்று கத்தினான். அவள் திரும்பி, வாயைத் திறந்து, “நிறுத்துயா” என்பதற்குள் முனியன் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டான். நட்டோடு சேர்ந்து உள்ளே ஸ்பேனரும் சுழன்று டில்லியின் விரல் முட்டியைப் பெட்டிச் சுவரில் வைத்து நசுக்கியது. அவன் கையை உருவியபோது இரத்தம் வழிந்தது.

முனியனுக்கு முகம் செத்துவிட்டது. வாயைத் திறந்தான். முத்துமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திறந்த வாய் அவள் பக்கம் திரும்பியது. “பாத்துப் பிடிக்கச் சொல்லு உன் தம்பிய.”

அவ்வளவுதான். அத்தனை மாதம் அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது. “இனிமே ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், போங்கடா! வாயி கீது இல்ல ரெண்டு பேருக்கும்? பேசுங்க. இல்லாட்டி எஞ்சினு கடல்ல போவட்டும், நானும் கூட போறேன்!” முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துத் தம்பியின் மேல் எறிந்துவிட்டு, பக்கத்துப் போட்டு நிழலில் போய் உட்கார்ந்தாள். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த லூர்துமேரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இப்போது பேசிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். பேசித்தானே ஆகவேண்டும்?

டொக்.

டில்லி துணி சுற்றிய கையை மறுபடி ஓட்டைக்குள் விட்டு, உள்ளேயிருந்து ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினான். முனியன் ஒரு கணம் நின்றான். பிறகு திருப்பினான். டொக், டொக். முனியன் நிறுத்தினான். மறுபடி ஒரு டொக். திருப்பினான். மூன்றாவது போல்ட்டு முடிந்தது. நாலாவதும் அதே மாதிரி, அவள் நடுவில் நின்றதைவிடச் சீக்கிரமாகவே முடிந்தது. பலகையை முனியன் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. இரண்டு பேருமாக எஞ்சினைத் தூக்கி மாட்டினார்கள், ஆளுக்கொரு பக்கம், ஒரு சத்தமில்லாமல். பாவிகள்! முத்துமாரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் நாலு போல்ட்டையும் முடுக்கிவிட்டார்களே.

டில்லி கையைத் துடைத்துக்கொண்டு நடந்தான். முனியன் மெதுவாக அவளிடம் வந்தான். கடலைப் பார்த்துக்கொண்டு, “நெத்திலிக் கொழம்பு கீது இல்ல” என்றான். “அவன சாப்ட்டுப் போவச் சொல்லு. கையில அடி வேற.”

முத்துமாரிக்கு உடம்பு வலி போன இடம் தெரியவில்லை. உப்புப் போட வேண்டாத சேதி, அவன் வாயிலிருந்தே வந்தது. மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். டில்லி ஸ்கூட்டரில் சாவியைப் போட்டிருந்தான்.

“சாப்ட்டுப் போவச் சொன்னாருடா உங்க மாமா!”

“சரிக்கா.” அவன் திரும்பவில்லை.

“சரின்னா வா.”

“வேணாம்கா. நீ நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா அவரு சொல்லியிருக்க மாட்டாரு.”

“இல்லடா, இப்போ சொன்னாரு, என் மூஞ்சிக்கு நேரா.”

“தீபாவளிக்கும் இப்டித்தான் சொன்ன. நம்பி வந்தேன். டிவிய பாத்துக்கினு உக்காந்திருந்தாரு, திரும்பக்கூட இல்ல. இன்னிக்கும் அவராண்ட, அவனே வரேன்றான்னு சொல்லியிருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?”

எத்தனையோ பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், ஒன்றும் திரும்பி வந்ததில்லை. இன்றைக்கு ஒரே ஒரு உண்மையைக் கொண்டுவந்தால், அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. தப்பு யார் மேல் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்தினாள்.

“யோவ்! நீ சொன்னியா, இல்லியா? உன் வாயால சொல்லு!”

கரை முழுக்கத் தலை நிமிர்ந்தது. முனியன் எஞ்சினைத் தடவிக்கொண்டே, “சொன்னேன்” என்றான். அது அவனுக்கே கேட்டிருக்காது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா” என்றான் டில்லி.

முனியன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி விடுவிடுவென்று நடந்து வந்தான். “சொன்னேன்டா! சாப்ட வான்னு சொன்னேன். இப்போ இன்னான்ற?”

“இன்னான்றேனா? அன்னிக்கு அர மணி நேரம் நிக்க முடியல உன்னால. தாய்மாமன் நானு, தட்டோட வாசல்ல நிக்கிறேன், எவனோ மால போட்டுக்கினு கீறான். இன்னிக்குக் கொழம்பு ஊத்தறியா மாமா எனக்கு?”

“எத்தினி போனு போட்டேன் உனக்கு! எட்த்தியா?”

“கை எங்க கீது எடுக்க? பஸ்ஸுல நசுங்கிக்கினு, ரெண்டு கையிலயும் உன் பொண்ணு பொடவ!”

“அத்த உள்ள வந்து என் சட்டையப் பிடிச்சி கேக்கறதுதான? வாசல்லயே வச்சிட்டுப் போனா? நாள் பூரா நான் சோறு துண்ல, தெரியுமா உனக்கு?”

“நீ எங்க சொன்ன?”

“நீ எங்கடா கேட்ட?”

பழக்க தோஷம், முத்துமாரி வாயைத் திறந்தாள். ஒருத்தரும் அவள் பக்கம் திரும்பவில்லை. மூடிக்கொண்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தெம்பில்லை. அவர்கள் குரல் ஏறியது. இரண்டு பேர் அம்மாவும் நடுவில் இழுக்கப்பட்டார்கள்.

லூர்துமேரி வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “இன்னாடி, மாமனும் மச்சானும் அடிச்சிக்கப் போறாங்க, நீ பாட்டுக்கு உக்காந்துக்கினு கீற? போய் விலக்கு!”

“வுடுக்கா,” என்றாள் முத்துமாரி. “பேசிக்கினு கீறாங்கோ.”