எச்சில் முழுங்குங்க, அண்ணி

…ஜெல் சில்லென்று இருக்கும் என்று சொல்ல வந்த சிட்டு சொல்லாமலே கழுத்தில் பிதுக்கிவிட்டாள், அண்ணி சிலிர்த்துக்கொண்டாள், வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும், ஸ்கேன் அறைக் கதவைத் தாண்டி வரவேற்பு மேஜை வரைக்கும் கேட்கிற சிரிப்பு, இன்று வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஒரு மாதமாகவே குரல் கம்மிக் கிடக்கிறது, சளி என்று அண்ணன் மாத்திரை மாத்திரையாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான், சளியாம் சளி… அவனுக்குத்தான் தெரியாது, உனக்காவது உறைத்திருக்க வேண்டாமா, பதினோரு வருஷமாகக் கழுத்து கழுத்தாகப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு? சரி, வலது பக்கம் முதலில். நடுவில் மூச்சுக்குழல், அதை ஒட்டித் தைராய்டு, பட்டாம்பூச்சி வடிவம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது, எந்தப் பட்டாம்பூச்சி இப்படி மூச்சுக்குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரும், இங்கே சாம்பல் நிறத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அதற்கு வெளியே தலைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி வட்டமாகத் துடிக்கிறது, பக்கத்தில் சிரை, லேசாக அழுத்தினால் நசுங்கிக் கொடுக்கும் சாது. வலது பக்கம் சுத்தம். அப்பாடா என்று மூச்சு விட்டாள், பாதிக் கழுத்துக்கே அப்பாடா.

“தலைய என் பக்கமா திருப்பிக்குங்க அண்ணி.” இடது பக்கம், மேல் முனை சரி, நடுவில் சரி, கீழே இறங்க இறங்கக் காறை எலும்பு தட்டுகிறது, அதற்கப்புறம் திரையில் கறுப்பு. இதே கறுப்பு வரைக்கும் ஆறு மாதத்துக்கு முன்னாலும் வந்தாள், இதே கட்டில், சாப்பாட்டு இடைவேளை, வெளியே பதினான்கு பேர், அண்ணி ஒரு பை ஆப்பிளோடு நுழைந்து, கழுத்துல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு சிட்டு, சும்மா ஒரு எட்டு பாத்துடேன் என்றாள். சீட்டு இல்லை, பதிவு இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை, வீட்டு ஆள்தானே. தனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சிட்டு என்று பேர் வைத்துச் சடை பின்னிவிட்டவள்தானே. மூன்றே நிமிஷம். அண்ணி ஓயாமல் பேசினாள், ஆப்பிளில் இருந்த ஸ்டிக்கரை உரித்து மிஷினின் பக்கவாட்டில் ஒட்டி, உன் மிஷினுக்கு மெடல் குத்திட்டேன் என்று சிரித்தாள், சிட்டுவும் சிரித்துக்கொண்டே, ஒண்ணுமில்ல அண்ணி, போய் வேலையப் பாருங்க என்றாள்… வாய் கூசாமல்.

“எச்சில் முழுங்குங்க.” அண்ணியின் தொண்டை ஏறியது, அதோடு தைராய்டும் ஏறியது, எலும்புக்குப் பின்னால் இருந்த கறுப்பிலிருந்து ஒரு கட்டி மேலே வந்தது, கரடுமுரடான விளிம்பு, அகலத்தைவிட உயரம் அதிகம், உள்ளே உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், ஒரு நொடி நின்று மறுபடி உள்ளே போய்விட்டது. மூன்றுமே புற்றுக்குச் சொல்கிற அடையாளம். இன்னொரு தடவை, அண்ணி. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், குரலுக்குப் போகிற நரம்பு அதில்தான் ஓடுகிறது, நரம்பு இந்தத் திரையில் தெரியாது, பள்ளமாவது தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள், பள்ளமே இல்லை, கட்டி அதை நிரப்பி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு முழுங்கச் சொன்னாயா? வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்கிறவள், தூக்கத்தில்கூட உளறுகிறாய் என்று புருஷன் கேலி செய்கிற அந்த ஒரே வாக்கியத்தை அண்ணியிடம் சொன்னாயா? பேச்சை நிறுத்த மனசு வரவில்லை… இல்லை, பசி, பதினான்கு பேர்… அப்போது இது இல்லாமலேகூட இருந்திருக்கலாம், ஆறு மாதத்தில் வளர்ந்திருக்கலாம், யாரிடம் கதை விடுகிறாய், இவ்வளவு பெரிதா, ஆறே மாதத்தில்? ஒரே ஒரு முழுங்கல்தான், ஏறி வந்து முகத்தைக் காட்டியிருக்கும்.

“போன தடவ இப்படி முழுங்கச் சொல்லலையே சிட்டு,” என்றாள் அண்ணி, குரலில் பாதிக்கு மேல் காற்று. குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, சும்மா கேட்கிற மாதிரிதான் இருந்தது. “இது புது மிஷின் அண்ணி, இதுல இப்படித்தான் பாக்கணும்.” எங்கிருந்து வந்தது அந்தப் பொய், யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானாகப் பேசிவிட்டது. ரிப்போர்ட்ட டாக்டர்தான் சொல்வாரு என்று வேகமாகச் சேர்த்துக்கொண்டு, ஜெல்லைத் துடைக்கக் காகிதத்தை உருவினாள். அண்ணி தலையைத் திருப்பவில்லை, கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது, சிட்டு அந்தக் கண் போன வழியே பார்த்தாள், மிஷினின் பக்கவாட்டில், முகத்துக்கு நேரே, ஓரம் சுருண்டுபோன ஆப்பிள் ஸ்டிக்கர். இவ்வளவு நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அண்ணி மெதுவாகக் கையை நீட்டி, சுருண்ட ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

போன தடவை முழுங்கச் சொல்லாததை அண்ணனிடம் இவள் ஒரு நாளும் சொல்ல மாட்டாள் என்று சிட்டுவுக்கு அப்போது தெரிந்துபோயிற்று, அதுதான் தாங்கவில்லை… தான் சொல்வோமா என்பது மட்டும் தெரியவில்லை.