கிடாயின் சம்மதம்

மணி பன்னிரண்டைத் தாண்டியும் கிடாய் தலையாட்டுவதாக இல்லை.

மஞ்சள் தண்ணீர் நாலு குடம் தீர்ந்துபோயிற்று. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பாக்குத்தோப்புக்கு நடுவே இருக்கும் குலதெய்வம் கோயில் முன்னால், கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஐந்து காரில் வந்திறங்கிய சொந்தபந்தம் மொத்தமும் ஓர் ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதுவோ கழுத்து மாலையிலிருந்த செவ்வந்தியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர் பட்டதும் அது உடம்பை உலுக்கித் தலையை ஆட்டினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதுவரை அரிவாளைத் தொடக்கூடாது. வெட்டிச் சமைத்துச் சாப்பிடாமல் யாரும் கிளம்பவும் கூடாது.

பிரத்யுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் அச்சுக்குப் போகவிருக்கும் தன் புத்தகத்தின் கடைசி மெய்ப்பைப் பார்த்து அனுப்பியாக வேண்டும். பண்டைக் கிரேக்கரின் தெய்வங்களையும் பலிகளையும் பற்றிப் பதிமூன்று வருஷமாக எழுதிய புத்தகம். அதன் உயிரே ஏழாம் இயல்தான். கிரேக்கர்களும் பலிக்கு முன்னால் விலங்கின் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையசைக்கக் காத்திருப்பார்களாம். அதெல்லாம் வெறும் நாடகம், காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும்தான் தலையை உதறும் என்று வெளிநாட்டு அறிஞர்கள் சிலர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இவள் விடவில்லை. சாமியை நம்புகிறவன் சாமியை ஏமாற்ற மாட்டான், காத்திருப்பான் என்று வாதாடினாள். சாட்சி இதே கோயில்தான். வருஷத்துக்கு ஒரு கிடாய், தேதியோடு ஓர் அடிக்குறிப்பு. ஆகமொத்தம் பதிமூன்று.

"உத்தரவு குடுங்க சாமி. ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லுங்க, தீத்துப்போடறோம்" என்று ராமுலு மாமா ஆட்டின் முன்னால் குனிந்து கெஞ்சினார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. அதனால் இந்த வருஷம் செம்பு அவர் மகன் ஆதர்ஷ் கைக்குப் போயிருந்தது. அவன் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றுவதுபோல முதுகிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"காதுகுத்துக்கு எங்களைக் கூப்படலீல்ல, அதான் சாமிக்குக் கோவம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். யார் யாரை எந்த விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை என்று பட்டியல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மணி ஒன்றரை. பூசாரி சென்னிமலை துண்டை விரித்து உட்கார்ந்தே விட்டார். "சாமி சொல்றப்பச் சொல்லட்டுங்க. நமக்கென்னங்க அவசரம்?"

எனக்கு அவசரம்யா, என்று கத்தத் தோன்றியது பிரத்யுஷாவுக்கு. மனிதர்கள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்று எழுதிய இயலை அனுப்ப நேரமாகிறது! அவள் விறுவிறுவென்று போய் ஆதர்ஷின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள். "இங்க குடுடா." பூக்களைத் தள்ளிவிடுகிறவள்போலக் குனிந்து, கிடாயின் இடது காதைப் பிடித்து, உள்ளே பார்த்து ஒரு வாய்த் தண்ணீரை விட்டாள்.

கிடாய் தலையிலிருந்து வால்வரை உதறியது. குலவைச் சத்தம் தோப்பையே தூக்கியது. சென்னிமலை துள்ளி எழுந்து அரிவாளை எடுத்தார். பிரத்யுஷா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ராமுலு மாமாவின் மனைவி ரங்கம்மாள் அத்தை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பரவால்ல கண்ணு, உனக்காச்சும் தெரிஞ்சிருக்குதே" என்று காதோடு சொன்னாள். "உங்க மாமா முப்பது வருசமா அப்படித்தான் காதுல தண்ணி உடுவாரு. பையனுக்குச் சொல்லிக்குடுங்கன்னா, வாய்விட்டுச் சொன்னாச் சாமிகுத்தமாப் போயிருமாம்."

பிரத்யுஷா நேராக மாமாவிடம் போனாள். "ஏனுங் மாமா, இத்தன வருசமும் ஏமாத்துனீங்களா?"

மாமா நிஜமாகவே திகைத்துப்போனார். "ஏமாத்தறதா? என்ன அம்மணி இப்படிக் கேக்கறே? சாமிக்குச் சம்மதந்தான். ஆட்டுக்குத்தான் தெரியறதில்ல. நாம கொஞ்சம் கை குடுக்கறோம், அவ்வளவுதான்."

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். பதிப்பகத்திலிருந்து கிருபா இரண்டு முறை அழைத்திருந்தாள். மூன்றாவது அழைப்பைப் பிரத்யுஷா எடுத்தாள்.

"மேடம், அச்சுக்கு அனுப்பிடலாங்களா? ஏழாம் இயல்ல திருத்தம் எதும் இருக்குங்களா?"

அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரத்யுஷா விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"நிறுத்தி வைங்க கிருபா. அடிக்குறிப்பு பதிமூணும் தப்பு" என்றாள். "பதினாலாவதுன்னு ஒண்ணு சேக்கணும். அதுல தண்ணி ஊத்தினது நான்."