கிளாஸில் வைத்த ரைஹான்

தில்சோராவுக்குத் தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சமையலறைச் சன்னலில் கிளாஸ் தண்ணீரில் நின்ற ரைஹான் என்ற துளசி வகைக் கீரையின் கிளைகளை முகர்ந்தாள். கிராம்பு வாசம் அடித்தது. அம்மாவின் ரைஹானில் எலுமிச்சை வாசம்தானே வரும்?

அம்மா இறந்த பிறகு அவள் வீட்டை அண்ணன் இடிக்கத் தொடங்கிய அன்று, முற்றத்திலிருந்து நான்கு கிளைகளைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா அந்தச் செடியைப் பூக்கவே விட்டதில்லை. விதை கிடையாது, குளிர்காலம் முழுக்கக் கிளாஸில் வேர்விடவைத்து, வசந்தத்தில் மண்ணில் நடுவாள். முற்றத்துச் செடி முதல் பனியிலேயே கருகிவிட்டது. இனி இந்த நான்கு கிளைகள்தான் எல்லாம். வேர்கூட விட்டிருந்தன. இன்று பார்த்தால் வேரையும் காணோம்!

"இல்யோஸ், கொஞ்சம் மோந்து பாருங்க."

கணவன் முகர்ந்து தும்மினான். "ரைஹான்னா ரைஹான் வாசம்தான் வரும். பின்ன என்ன, பிரியாணி வாசமா வரும்?"

"வேர் எங்க போச்சு?"

மாமியார் ஹைரினிசா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "தண்ணி மாத்தினேன்ல. உதிர்ந்திருக்கும்."

"வேர் உதிருமா, ஓயிஜான்?" மாமியாரை அவள் அம்மா என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"முடி உதிரலையா?"

மனுஷிக்குப் பொய் சொல்லவே வராது, பாவம். ஆனால் தில்சோரா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவள் பயமே வேறு. செடி மாறவில்லை, நான்தான் அம்மாவின் வாசத்தை மறந்துவிட்டேனோ? ஒரு இலையைக் கசக்கினாள், இன்னொன்றைக் கசக்கினாள். கசக்கக் கசக்க எலுமிச்சை வாசம் எப்படியிருக்கும் என்பதே குழம்பிப்போனது. கண்ணில் நீர் முட்டியது.

"நான் எப்படிப்பட்ட பொண்ணு, ஓயிஜான்? இதுக்குள்ள மறந்துட்டேனே."

ஹைரினிசா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ ஒண்ணும் மறக்கல, கண்ணு. இது பஜார் ரைஹான். அன்னிக்கு விருந்தாளிங்க வந்தப்போ, கிளாஸ்ல நிக்கிற கீரை சாப்பிடத்தான்னு எடுத்துட்டேன். இந்த வீட்டுல எப்பவும் அப்படித்தானே? கண்ணாடி போடல, வேரைப் பார்த்து நூல் ஒட்டியிருக்குன்னு நெனச்சு உருவிப் போட்டேன். மறுநாள் விடிஞ்சதும்தான் இல்யோஸ் சொன்னான், அது உங்க அம்மாவோடதுன்னு. உன் மூஞ்சியைப் பார்க்க முடியாம ஓடிப்போய் வேற வாங்கி வச்சேன்."

"நாலையுமா?"

"நாலையும் பொடியா நறுக்கி ஷூர்வா சூப்புல தூவிட்டேன்."

தில்சோரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவதா, மறக்கவில்லை என்று நிம்மதி அடைவதா என்று தெரியவில்லை.

"விருந்தாளிங்க எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்களா?"

"அவங்க சட்டியில கீழ இருந்ததைத்தான் குடிச்சாங்க. இலையெல்லாம் மேல மிதந்துச்சே, அதை உனக்குன்னு எடுத்து வச்சேன். நீதான் அடுப்படியில நின்னுக்கிட்டே குடிச்சே. இன்னிக்கு என்னமோ எங்க அம்மா கை ருசி மாதிரியே இருக்குன்னு சொல்லி, ரெண்டாவது கிண்ணமும் கேட்டே."

தில்சோரா நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிப் பார்த்தாள்.